ஆங்கிலத்தில் 'இன்ஹெரிட்டன்ஸ்': சொத்து கைமாறும் சொற்களும் அவற்றின் பொருளும்

கேள்வி: 'இன்ஹெரிட்டன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் சரியான பொருள் என்ன? ஏர், லெகஸி, பிக்வெஸ்ட், எஸ்டேட், பெனிஃபிஷியரி என்று உடன் வரும் சொற்கள் எல்லாம் ஒன்றுதானா?

வெவ்வேறு. நாம் தமிழில் பேசும்போது 'சொத்து', 'வாரிசு', 'உயில்' என்ற மூன்று சொல்லை வைத்தே பெரும்பாலும் காரியத்தை முடித்துவிடுகிறோம். அதே இடத்தில் ஆங்கிலம் ஏராளமான சொற்களை அடுக்கி வைத்திருக்கிறது. அவற்றை அகராதியில் பார்த்து ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தால் எல்லாவற்றுக்கும் 'மரபுரிமை' என்றே பொருள் எழுதி முடிப்போம். அதற்குப் பதில் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் கொடுப்பவர் பக்கம் நிற்கிறதா, பெறுபவர் பக்கம் நிற்கிறதா? உயில் இருந்ததா, இல்லையா? கைமாறியது நிலமா, மற்ற பொருளா? இந்தச் சொற்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு விடையாக அமைந்தவை.

முதலில் வினைச்சொல். 'இன்ஹெரிட்' இன்றைய ஆங்கிலத்தில் பெறுபவரின் வினை. வேர் லத்தீனில் இருக்கிறது: 'ஹேரெஸ்' என்றால் வாரிசு. அதிலிருந்து பிற்கால லத்தீனுக்கும், அங்கிருந்து பழைய பிரெஞ்சுக்கும், பிறகு ஆங்கிலத்துக்கும் வந்தது. தமிழர்கள் இதில் செய்யும் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: 'மை ஃபாதர் இன்ஹெரிட்டட் மீ திஸ் ஹவுஸ்'. அப்பா எனக்கு இந்த வீட்டைக் கொடுத்தார் என்று சொல்ல நினைத்து எழுதியது. ஆனால் இன்ஹெரிட் செய்பவர் மகன். அப்பா செய்தது 'லீவ்', அதாவது விட்டுச்செல்வது. ஆக, 'ஐ இன்ஹெரிட்டட் திஸ் ஹவுஸ் ஃப்ரம் மை ஃபாதர்' அல்லது 'மை ஃபாதர் லெஃப்ட் மீ திஸ் ஹவுஸ்'. தவறுக்குக் காரணம் நம் இலக்கணம்தான். 'எனக்கு வீடு வந்தது' என்று சொல்லும்போது தமிழில் பெறுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், வீடு எழுவாயாகிறது. ஆங்கிலத்தில் பெறுபவரே எழுவாய். பேச்சு வழக்கில் 'ஷி கேம் இன்டு சம் மனி' என்பார்கள். அவளுக்கு யாரோ விட்டுப்போன பணம் கைக்கு வந்தது என்று பொருள். 'கம் இன்டு' என்பதை 'உள்ளே வந்தாள்' என்று படித்தால் வாக்கியமே புரியாது.

இன்னொரு நிபந்தனை காலம் பற்றியது. இன்ஹெரிட் என்பது ஒருவர் இறந்த பிறகு நடப்பது. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகன் பேருக்கு வீட்டை எழுதிக்கொடுத்தால் அது 'கிஃப்ட்'. பல நாட்டு வரிச் சட்டங்களில் இரண்டுக்கும் விதி வேறு வேறு. எனவே படிவத்தில் எதை எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

பெயர்ச்சொல்லான 'இன்ஹெரிட்டன்ஸ்' இரண்டு பொருளில் வரும். ஒன்று, ஒருவருக்குக் கிடைத்த சொத்து. அப்போது அது எண்ணக்கூடியது, 'ஆன் இன்ஹெரிட்டன்ஸ்' என்று எழுதலாம். மற்றொன்று, அப்படிக் கைமாறும் நடைமுறை. அப்போது ஒருமை பன்மை பார்ப்பதில்லை, 'பை இன்ஹெரிட்டன்ஸ்' என்று வரும்.

இனி 'ஏர்'. எழுதும்போது முதலெழுத்து எச். ஆனால் அது ஒலிக்காது. ஏர் கண்டிஷனரில் வரும் ஏர் எப்படியோ அப்படியே சொல்ல வேண்டும். ஒலி உயிரெழுத்தில் தொடங்குவதால் முன்னால் 'ஆன்' சேரும், 'ஏ' சேராது. பெண் வாரிசு 'ஏரெஸ்', குடும்ப வழிப் பொருள் 'ஏர்லூம்'. இவற்றிலும் எச் ஒலிக்காது. அதே வேரிலிருந்து வந்த 'ஹெரிட்டேஜ்', 'ஹெரிடிட்டரி', 'இன்ஹெரிட்' ஆகியவற்றில் ஒலிக்கும். முன்னிடைச்சொல்லையும் பாருங்கள்: சொத்துக்கு 'ஏர் டு', ஆளுக்கு 'ஏர் ஆஃப்'. அரியணைக்கு வாரிசு 'ஏர் டு த த்ரோன்'.

சட்டத்தில் இந்தச் சொல் நாம் நினைப்பதைவிடக் குறுகியது. உயிரோடு இருப்பவருக்கு வாரிசு கிடையாது என்பது லத்தீனில் சொல்லப்படும் பழைய சட்ட விதி: 'நேமோ எஸ்ட் ஹேரெஸ் விவென்டிஸ்'. ஒருவர் கண்மூடும் நொடியில்தான் அவருடைய 'ஏர்' யார் என்பது முடிவாகிறது. அதுவரை இருப்பவர்களுக்கு இரண்டு பெயர். யார் பிறந்தாலும் இடம் பறிபோகாதவர் 'ஏர் அப்பேரன்ட்'. இப்போதைக்கு முன்னால் நின்றாலும், இன்னொரு குழந்தை பிறந்தால் பின்னுக்குத் தள்ளப்படக்கூடியவர் 'ஏர் பிரிசம்ப்டிவ்'. இரண்டாம் எலிசபெத் 1936 முதல் 1952 வரை தன் தந்தை ஆறாம் ஜார்ஜுக்கு ஏர் பிரிசம்ப்டிவ்வாகத்தான் இருந்தார். தம்பி ஒருவன் பிறந்திருந்தால் அன்றைய விதிப்படி அவனுக்கே முன்னுரிமை. ஆனால் அவர் மகன் சார்லஸ் 1952-இல், மூன்று வயதில், ஏர் அப்பேரன்ட் ஆனார். அந்த இடத்தை யாரும் பறித்திருக்க முடியாது. மகனுக்கு முன்னுரிமை என்ற விதியை 2013-ஆம் ஆண்டின் அரியணை வாரிசுச் சட்டம் நீக்கியது. 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது பொருந்தும்.

இங்கிலாந்தில் 1925 வரை இந்தச் சொல்லுக்கு இன்னும் கறாரான பொருள் இருந்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய நிலம் 'ஏர்' என்ற ஒருவருக்குப் போகும், வழக்கமாக மூத்த மகனுக்கு. இந்த முறைக்கு 'பிரைமோஜெனிச்சர்' என்று பெயர். பணம், நகை, கால்நடை போன்றவை மட்டும் மனைவிக்கும் நெருங்கிய உறவினருக்கும் பிரித்துத் தரப்படும். அந்த உறவினர் 'நெக்ஸ்ட் ஆஃப் கின்'. நிலம் 'இறங்கும்', பொருள் 'பகிரப்படும்'. 'டிசென்ட்', 'டிஸ்ட்ரிபியூஷன்' என்று இரண்டுக்கும் தனித்தனிச் சொல். கென்ட் பகுதியில் 'கேவல்கைண்ட்' என்ற வழக்கம் நிலவியது. அங்கே நிலம் எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரிந்தது. 1925-ஆம் ஆண்டின் சட்டங்கள் இவை அனைத்தையும் ஒழித்து, நிலத்துக்கும் பொருளுக்கும் ஒரே விதி கொண்டுவந்தன. விதி போய்விட்டாலும் சொற்கள் போகவில்லை. ஆங்கில உயில்களில் இன்றும் தென்படும் சில இரட்டைச் சொற்களுக்கு இந்தப் பிரிவும் ஒரு பின்னணி.

அப்படி ஒரு தொடரைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பழைய பாணி உயில் ஒன்றைப் பிரித்தால் இந்த வரி கண்ணில் படும்: 'ஐ கிவ், டிவைஸ் அண்ட் பிக்வீத்'. மூன்று வினைச்சொல், மூன்றும் 'கொடுக்கிறேன்' என்பதுதான். 'கிவ்' பொதுச்சொல். 'டிவைஸ்' நிலத்தையும் வீட்டையும் உயில் வழியே கொடுப்பது; கருவியைக் குறிக்கும் டிவைஸோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது, எழுத்தும் வேறு, கடைசி ஒலியும் இசட். 'பிக்வீத்' அசையும் பொருளைக் கொடுப்பது. இது தூய பழைய ஆங்கிலச் சொல். 'சொல்லுதல்' என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. உயில் எழுதப்படுவதற்கு முன்பு வாயால் சொல்லப்பட்டது என்பது அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது. 'பிக்வெஸ்ட்' அதன் பெயர்ச்சொல். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டம் இந்த வேறுபாட்டைக் கைவிட்டு, நிலமோ பொருளோ எல்லாவற்றையும் 'டிவைஸ்' என்கிறது. அங்கே உயில் வழியே பெறுபவர் 'டிவைஸீ', உயில் இல்லாமல் சட்டப்படி பெறுபவர் 'ஏர்'. எனவே அமெரிக்க ஆவணம் ஒன்றில் ஒருவரை 'ஏர்' என்று குறிப்பிட்டிருந்தால், உயில் இல்லை என்ற செய்தியும் அதற்குள் இருக்கலாம்.

'லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்ற தலைப்பிலும் இப்படி இரட்டைச் சொல் உண்டு. 'வில்' ஆங்கிலச் சொல், விருப்பம் என்று பொருள். 'டெஸ்டமென்ட்' லத்தீன், சாட்சியம் என்ற வேர். சாட்சி என்றதும் நடைமுறையில் முக்கியமான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் 1837-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி உயில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்திட வேண்டும். ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அது நடக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதாவது கொடுத்திருந்தால், உயில் செல்லும், அந்தக் கொடை மட்டும் செல்லாது. 'பெனிஃபிஷியரி', அதாவது பயன் பெறுபவர், சாட்சியாக இருக்கக்கூடாது என்று வழக்கறிஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அன்பினால் பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட்ட ஒரே காரணத்தால் பங்கை இழப்பது மிகவும் வேதனையானது.

உயில் எழுதியவர் 'டெஸ்டேட்டர்', பெண்ணானால் 'டெஸ்டேட்ரிக்ஸ்'. எழுதாமல் இறந்தவர் 'இன்டெஸ்டேட்'. 'ஹி டைட் இன்டெஸ்டேட்' என்பதே வழக்கு. உயிலில் பின்னால் சேர்க்கும் சிறு திருத்த ஆவணம் 'கோடிசில்'. அதற்கும் உயிலுக்குரிய அதே சாட்சி விதிகள் உண்டு. உயிலை நிறைவேற்றப் பெயர் குறிக்கப்பட்டவர் 'எக்ஸெக்யூட்டர்'. இரண்டாவது அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். மரண தண்டனை நிறைவேற்றுபவர் 'எக்ஸிக்யூஷனர்', அதோடு மாற்றிவிடாதீர்கள். உயில் உண்மையானது என்று நிரூபித்து நீதிமன்றம் தரும் அதிகாரம் 'புரோபேட்'; நிரூபித்தல் என்பதே அதன் லத்தீன் வேர். உயில் இல்லாத இடத்தில் பொறுப்பேற்பவர் 'அட்மினிஸ்ட்ரேட்டர்', அவருக்குக் கிடைப்பது 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்'. பெயரில் கடிதங்கள் என்று இருந்தாலும் ஒரே ஆவணம்தான்.

இவர்கள் கையாள்வது 'எஸ்டேட்'. தேயிலைத் தோட்டத்தை மறந்துவிடுங்கள். இறந்தவரின் வீடு, வங்கிப் பணம், பங்குகள், தளவாடங்கள், கூடவே அவர் பட்ட கடன், எல்லாம் சேர்ந்த மொத்தம்தான் எஸ்டேட். முதலில் இறுதிச்சடங்குச் செலவும் நிர்வாகச் செலவும் கடனும் அதிலிருந்து தீர்க்கப்படும். மிஞ்சியதுதான் பங்குக்கு வரும்.

மிஞ்சியது போதாமல் போனால் என்ன ஆகும் என்பதில்தான் பலருக்கும் புரியாத சொற்கள் வருகின்றன. ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஒரு பெண்மணி தன்னிடம் உள்ள ஓவியத்தை அண்ணன் மகளுக்கும், தங்கை மகன்கள் இருவருக்கும் ஆளுக்கு 30,000 பவுண்டும், மீதி அனைத்தையும் தன் மகளுக்கும் எழுதி வைக்கிறார். உயில் வழிக் கொடைக்கு 'லெகஸி' என்று பெயர். ஓவியம் 'ஸ்பெசிஃபிக் லெகஸி', ஏனென்றால் இன்ன பொருள் என்று சுட்டப்பட்டது. பணம் 'ஜெனரல் லெகஸி'. மீதி 'ரெசிட்யூ'. உயில் எழுதும்போது சொத்து 2,00,000 பவுண்டு. மகளுக்குத்தான் பெரும்பங்கு என்பது அவர் எண்ணம். பிற்காலத்தில் மருத்துவச் செலவில் கரைந்து, கடன் எல்லாம் தீர்த்த பிறகு 48,000 பவுண்டுதான் நிற்கிறது. அதில் ஓவியத்தின் மதிப்பு 8,000. ஓவியம் அப்படியே அண்ணன் மகளுக்குப் போகும். எஞ்சும் 40,000 பவுண்டை வைத்து 60,000 பவுண்டு கொடுக்க வேண்டும்; இருவருக்கும் ஆளுக்கு 20,000 ஆகக் குறையும். இந்தக் குறைப்புக்கு 'அபேட்மென்ட்' என்று பெயர். குறைப்பு ரெசிட்யூவில் தொடங்கும் என்பதால் மகளுக்கு ஒன்றுமே இல்லை. மிகவும் வேண்டியவருக்கு 'மீதி எல்லாம்' என்று எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வரிசையில் கடைசியாக நிற்கும் இடம் அது.

அதே ஓவியத்தை அந்தப் பெண்மணி சாவதற்கு முன்பே விற்றிருந்தால்? கொடை காற்றோடு போகும், விற்ற பணத்தையும் அண்ணன் மகள் கேட்க முடியாது. இது 'அடெம்ப்ஷன்'. தங்கை மகன்களில் ஒருவர் அவருக்கு முன்பே இறந்திருந்தால் அவருடைய கொடை 'லாப்ஸ்' ஆகி ரெசிட்யூவில் சேரும். இங்கிலாந்தில் இதற்கு ஒரு விலக்கு உண்டு: முன்னதாக இறந்தவர் உயில் எழுதியவரின் சொந்தப் பிள்ளையாகவோ பேரப்பிள்ளையாகவோ இருந்து, அவருக்குப் பிள்ளைகள் இருந்தால், பங்கு அவர்களுக்குப் போகும், உயிலில் வேறு விதமாகச் சொல்லாத வரை.

'ரெசிட்யூ', 'ரிமைண்டர்' இரண்டையும் நாம் 'மீதி' என்றே மொழிபெயர்க்கிறோம், அது தவறு. ரெசிட்யூ என்பது மற்றக் கொடைகள் போக எஞ்சிய சொத்து. ரிமைண்டர் காலம் சார்ந்தது. மனைவிக்கு ஆயுள் முழுக்க வீட்டில் இருக்கும் உரிமை, அவருக்குப் பின் மகனுக்கு என்று எழுதினால், மனைவிக்கு 'லைஃப் இன்டரஸ்ட்', மகனுக்கு 'ரிமைண்டர்'. இங்கே இன்டரஸ்ட் என்பது வட்டியும் இல்லை, ஆர்வமும் இல்லை, உரிமை. இதேபோல் ஏமாற்றும் இன்னொரு சொல் 'இஷ்யூ'. உயிலில் அது பிரச்சினையைக் குறிக்காது. பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று நேர்வழியில் இறங்கும் சந்ததி முழுவதையும் குறிக்கும். 'டைட் வித்தவுட் இஷ்யூ' என்றால் சந்ததி இல்லாமல் இறந்தார்.

சந்ததிக்குள் பங்கு பிரிக்க இரண்டு லத்தீன் தொடர்கள்: 'பெர் ஸ்டர்பீஸ்', 'பெர் கேப்பிட்டா'. முதலாவது கிளைவாரி, இரண்டாவது தலைக்கு இவ்வளவு. மூன்று பிள்ளைகளில் ஒருவர் முன்பே இறந்து, அவருக்கு இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைவாரி என்றால் உயிரோடுள்ள பிள்ளைகளுக்கு மூன்றில் ஒன்று வீதம், பேரக்குழந்தைகளுக்கு ஆறில் ஒன்று வீதம். நால்வரையும் தலை எண்ணிப் பிரித்தால் ஆளுக்கு நான்கில் ஒன்று. இந்த ஒரு தொடரை மாற்றி எழுதினாலே குடும்பத்தில் கணக்கு மாறிவிடும்.

வரியின் பெயரும் குழப்பும். கோட்பாட்டில் 'எஸ்டேட் டாக்ஸ்' இறந்தவரின் மொத்தச் சொத்தின் மேல் விழுவது, 'இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸ்' பெறுபவரின் பங்கின் மேல் விழுவது. அமெரிக்காவில் மத்திய அரசு வாங்குவது முதல் வகை, பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்கள் வாங்குவது இரண்டாம் வகை. ஆனால் பிரிட்டனில் 1986 முதல் 'இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸ்' என்று அழைக்கப்படுவது அடிப்படையில் எஸ்டேட்டின் மேல்தான் விழுகிறது. 2009 முதல் அடிப்படை வரம்பு 3,25,000 பவுண்டு, அதற்கு மேல் பொதுவாக 40 சதவீதம்.

சட்டத்தை விட்டு வெளியே வந்தால் இதே குடும்பத்துச் சொற்களுக்குப் பொதுவாழ்வில் வேறு நிறம். 'லெகஸி' சட்டத்தில் உயில் வழிக் கொடை. வெளியே ஒருவரோ ஒரு காலமோ விட்டுச்சென்ற விளைவு, நல்லதும் கெட்டதும். போரின் லெகஸி என்று எழுதலாம். 'ஹெரிட்டேஜ்' என்பதைப் போற்றத்தக்கதற்கே சொல்வார்கள். யுனெஸ்கோவின் 1972-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரிய ஒப்பந்தத்தில் வருவதும் ஹெரிட்டேஜ்தான். மென்பொருளில் 'லெகஸி சிஸ்டம்' என்றால் பழையதாகியும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது. 'ஏர்லூம்' என்பதன் பின்பாதியான 'லூம்' தறி என்று நினைப்போம். பழைய ஆங்கிலத்தில் அது எந்தக் கருவிக்கும் பொதுப்பெயர், தறி என்ற பொருள் அதிலிருந்து சுருங்கி வந்தது.

உடல்நலம் பற்றி எழுதும்போது 'ஹெரிடிட்டரி', 'கன்ஜெனிட்டல்' இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். முன்னது மரபணு வழி வருவது, பின்னது பிறக்கும்போதே இருப்பது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு ருபெல்லா தொற்றி, குழந்தை செவித்திறன் குறைந்து பிறந்தால் அது கன்ஜெனிட்டல், ஹெரிடிட்டரி ஆகாது. ஹன்டிங்டன் நோய் ஹெரிடிட்டரி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீத வாய்ப்பு. ஆனால் அறிகுறி பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் தெரியும். இவற்றை மாற்றி எழுதினால், யாரும் காரணமாகாத ஒன்றுக்கு ஒரு குடும்பத்தின் ரத்தத்தின் மேல் பழி விழும்.

கணினி நிரலில் வரும் இன்ஹெரிட்டன்ஸின் தொடக்கம் 1960-களில் நார்வேயில் உருவான சிமுலா 67 மொழி. அங்கே 'பேரன்ட் கிளாஸ்', அதாவது இன்னொரு நிரல் வகுப்புக்கு மூலமாக இருக்கும் வகுப்பு, சாவதில்லை, எதையும் இழப்பதில்லை. அதன் பண்புகளைப் பிள்ளை வகுப்பும் பயன்படுத்திக்கொள்கிறது. சொத்துரிமையைவிட மரபணுவுக்குத்தான் இது நெருக்கம்.

கடைசியாக, ஆங்கில இரங்கல் அறிவிப்பில் 'ஷி இஸ் சர்வைவ்ட் பை டூ சன்ஸ்' என்று வரும். இரண்டு மகன்கள் காப்பாற்றினார்கள் என்று படித்தவர்கள் உண்டு. அவருக்குப் பின் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள் என்பதே பொருள். உயிலிலும் 'சர்வைவ்' அதே பொருளில்தான் வரும், பெரும்பாலும் நாள் கணக்கோடு. இங்கிலாந்தில் உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், கணவனோ மனைவியோ அவருக்குப் பின் 28 நாள் உயிரோடு இருந்தால்தான் பங்கு உண்டு. ஒரே விபத்தில் இருவரும் அடுத்தடுத்து இறக்கும்போது, ஒருவரின் சொத்து சில மணி நேரம் மற்றவரிடம் போய், அங்கிருந்து அவர் பக்கத்து உறவினருக்கு மட்டும் சேர்ந்துவிடாமல் இருக்க அந்த 28 நாள்.